மசில் பிரேக் திரும்பி நிற்பதும் சாய்ந்து நிற்பதும்: ஒரு பட்டறைப் பதிவு

துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டி உதையைக் குறைக்கும் மசில் பிரேக் "நேராக இருக்கிறதா?" என்று கேட்பவர் உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார். ஒன்று, குழலைச் சுற்றி அது எவ்வளவு திரும்பி நிற்கிறது, அதாவது அதன் மேல்துளைகள் சரியாகப் பன்னிரண்டு மணித் திசையைப் பார்க்கின்றனவா என்பது. இன்னொன்று, பிரேக்கின் துளையும் குழலின் துளையும் ஒரே மையக்கோட்டில் இருக்கின்றனவா என்பது. முதலாவது பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதனால் எல்லோரும் அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இரண்டாவதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். குண்டின் பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

நான் இருப்பது டெக்சஸில். கோவையில் லேத் பட்டறையில் தொழில் கற்றவன், இங்கேயும் மெஷின் ஷாப் வேலைதான். அதனால் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழக்கமானவர்கள் மரை, வாஷர், ரன்-அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடுவது) என்று எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படித்தான் தம்பி ஒருவர் தன் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளோடு (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) வந்தார். "அண்ணே, பிரேக் மாட்டினதுக்கு அப்புறம் குரூப் மூணு இஞ்சுக்குப் போயிடுச்சு. ஆறு டிகிரி இடப்பக்கம் திரும்பியிருக்கு பாருங்க, அதனாலதான்" என்றார். குரூப் என்பது இலக்குத் தாளில் விழும் ஓட்டைகளின் பரவல். பிரேக் இல்லாதபோது 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் சுட்ட துப்பாக்கி அது.

(ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை இங்குள்ள கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மசில் பிரேக்கைக் கூட்டாட்சிச் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துவதில்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டியது சைலன்சரைத்தான். நம் ஊர் ரைஃபிள் கிளப்புகளில் பிரேக்கைப் பார்க்கவே முடியாது, ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகள் ரைஃபிளில் அதைத் தடை செய்கின்றன.)

பிரேக் செய்யும் வேலை எளிது. குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவை முன்னால் போகவிடாமல் தடுப்புச் சுவர்களில் மோதவிட்டுப் பக்கவாட்டில் திருப்புகிறது. மோதும் வாயு துப்பாக்கியை முன்னுக்கு இழுக்கும், தோளில் விழும் உதை குறையும். மேலே சிறு துளைகள் இருந்தால் குழல்வாய் எழும்புவதையும் அது கொஞ்சம் அமுக்கும். பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் மாதிரியான போட்டிகளில் அநேகமாக எல்லோர் துப்பாக்கியிலும் பிரேக் இருப்பதற்குக் காரணம் தோள்வலி இல்லை. சுட்ட பிறகும் இலக்கு ஸ்கோப்புக்குள்ளேயே நின்றால், குண்டு எங்கே விழுந்தது என்று சுட்டவரே பார்த்துக்கொள்ளலாம். படுத்துத் தொலைதூரம் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியிலோ பிரேக்குக்கு அனுமதியே இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரின் காதையும் பொறுமையையும் நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

சரி, ஆறு டிகிரிக்கு வருவோம்.

மேல்துளைகளால் கிடைக்கும் கீழ்நோக்கிய விசை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், பிரேக் ஆறு டிகிரி திரும்பும்போது அதில் சுமார் பத்துப் பங்கு பக்கவாட்டுக்குப் போகும். கீழ்நோக்கி இருக்கும் விசையில் ஒரு பங்குகூடக் குறையாது. பக்கத் துளைகள் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அவை தரும் முன்னிழுப்பு அப்படியே இருக்கும். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 65 மில்லிமீட்டர் நீளமுள்ள பிரேக்கை வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு கடக்க, ஒரு வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. வாயு பிரேக்கின் சுவர்களில் மோதித் துப்பாக்கியை நகர்த்தத் தொடங்குவதற்குள் குண்டு வெளியே போயிருக்கும். அதனால் திரும்பி நிற்கும் பிரேக், சுட்ட பிறகு துப்பாக்கி எந்தப் பக்கம் நகரும் என்பதை மாற்றலாம். குண்டு எங்கே போகும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்க வாய்ப்பில்லை.

கணக்கு போட்டுச் சொன்னால் தம்பிக்குத் திருப்தி வராது என்று தெரியும். என் 6.5 கிரீட்மூர் ரைஃபிளில் இருப்பது ஜாம் நட் வகைப் பிரேக். பின்னால் இருக்கும் நட்டைத் தளர்த்தி, எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிறுத்தி, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். அதை ரேஞ்சுக்கு எடுத்துப்போய் முதலில் நேராக வைத்தும், பிறகு பத்து டிகிரி, நாற்பத்தைந்து, கடைசியில் தொண்ணூறு டிகிரி திருப்பியும் அவரையே சுடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் குழல்வாய்ப் பக்கம் கை போனது. காதுக்குள் பிளக், அதற்குமேல் மஃப். பிரேக் உள்ள ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பத்து டிகிரியில் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நாற்பத்தைந்தில் சுட்டவுடன் ஸ்கோப்பில் இலக்கு ஒரு பக்கமாக நழுவுவது தெரிந்தது. தொண்ணூறில் வேடிக்கை. மேல்துளைகள் வலப்பக்கம் பார்த்ததால் குழல்வாய் இடப்பக்கம் குதித்தது. பக்கத் துளைகளில் ஒரு வரிசை நேராகத் தரையைப் பார்த்ததால் பாய்க்கு முன்னால் இருந்த புழுதி முழுக்க எங்கள் மேல்தான். ஆனால் இலக்குத் தாளில் இருந்த குரூப்புகள் எல்லாம் ஒரே அளவில்தான் இருந்தன, ஒரு அங்குலத்துக்குள். தாள்களை வரிசையாக வைத்து, எது எந்தக் கோணம் என்று பின்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லச் சொன்னேன். தம்பியால் முடியவில்லை.

கோணம் முக்கியமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சோவியத் ஏ.கே.எம் ரைஃபிளின் சாய்வு வெட்டுப் பிரேக் கோணத்தை நம்பியே வேலை செய்கிறது. தொடர்ந்து சுடும்போது மேலேயும் வலப்பக்கமும் ஓடும் குழல்வாயை அது கீழேயும் இடப்பக்கமும் தள்ள வேண்டும். அதனால்தான் அங்கே இடப்புரி மரையோடு ஒரு ஸ்பிரிங் முள்ளும் சேர்த்து, ஒரே நிலையில்தான் நிற்கும்படி வைத்தார்கள். அமெரிக்க எம்16ஏ1 ரைஃபிளின் ஃபிளாஷ் ஹைடரில் (குழல்வாய்த் தீப்பிழம்பை மறைப்பது) சுற்றிலும் பிளவுகள் இருந்தன. ஏ2-வில் அடிப்பக்கத்தை மூடிவிட்டார்கள், படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாமல் இருக்க. அந்த மூடிய பக்கம் கீழே வந்தால்தான் பயன். ஆனால் இவற்றிலும் ஐந்தாறு டிகிரி இப்படி அப்படி இருந்தால் குடி முழுகிப்போகாது. சுற்றிலும் சமமாகத் துளை உள்ள ரேடியல் பிரேக்குக்குக் கோணம் என்ற பேச்சே கிடையாது, இறுக்கினால் வேலை முடிந்தது.

இப்போது தம்பியின் துப்பாக்கி.

போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, முதலில் பிரேக்கின் வெளிவாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசித் தடுப்பின் துளை ஓரத்தில், ஐந்து மணித் திசையில், செம்புநிறக் கீற்று ஒன்று. கருப்புக் கரிப்படிவுக்கு நடுவே அது மட்டும் பளபளப்பாக இருந்தது. குண்டின் மேலுறைச் செம்பு அது. குண்டு உரசிக்கொண்டு போயிருக்கிறது. பழைய இலக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் சில ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் லேசாக நீண்டிருந்தன. சமநிலை கெட்டு, கொஞ்சம் சாய்ந்தபடியே தாளைத் துளைத்திருக்கிறது. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வரிப்பள்ளத்தில், வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் வரும் .308 குண்டு நிமிடத்துக்குச் சுமார் 1,87,000 சுற்று சுழலும். அந்த நிலையில் ஒரு ஓரம் லேசாகத் தட்டினாலே அது தள்ளாடத் தொடங்கிவிடும். நேராக மோதினால் பிரேக்கே பிய்த்துக்கொண்டு போகும். இனி இதை இப்படியே சுட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சோதனை அலைன்மென்ட் ராட். குழல் துளைக்குள் அசையாமல் வழுக்கிப் போகும் அளவுக்குத் தேய்த்த நேரான எஃகுக் கம்பி. குழல்வாய் வழியாக உள்ளே விட்டால் மறுமுனை பிரேக் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பிக்கும் துளை ஓரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இங்கே பதினொரு மணிப் பக்கம் தாராளமாக இருந்தது, ஐந்து மணிப் பக்கம் அநேகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பி இல்லாதவர்கள் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் வழியாக வெளிச்சத்தைப் பார்க்கலாம். பெரிய கோணல் இருந்தால் அதிலேயே தெரியும், சின்னதைக் கண்டுபிடிக்க அது போதாது.

எவ்வளவு கோணல் போதும் உரசுவதற்கு? .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ. இந்தப் பிரேக்கின் துளை 8.38. ஆக ஒரு பக்கத்துக்கு 0.28 மி.மீ. இடைவெளி. குழலின் தோளிலிருந்து (மரை முடிந்து குழல் தடிக்கும் படியிலிருந்து) பிரேக்கின் வெளிவாய் 65 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. தோளின் விட்டம் 19 மி.மீ. பெருக்கி வகுத்தால், தோளில் பிரேக் உட்காரும் இடத்தில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.08 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே வெளிவாயில் அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். பிரிண்டரில் போடும் ஏ4 தாளின் தடிமன்கூட இல்லை அது. மரை பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். மரையில் சுழல்வதற்கான இடைவெளி எப்போதும் இருக்கும். பிரேக்கை நேராக நிறுத்துவது தோள்தான், மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்.

பிரேக்கைக் கழற்றக் குழலை வைஸில் கவ்வினேன், குழல்வாய்க்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் தோல் வைத்து. ரிசீவரை (போல்ட் ஓடும் நடுப்பகுதியை) கவ்விக்கொண்டு முன்னால் திருகினால் அந்த விசை முழுவதும் குழலும் ரிசீவரும் சேரும் மரைக்குப் போகும், எதற்கு வம்பு. பிரேக் கழன்றதும் உள்ளே இருந்தது கிரஷ் வாஷர். இறுக்க இறுக்க நசுங்கி, வேண்டிய கோணத்தில் நிறுத்த உதவும் கூம்பு வாஷர். பன்னிரண்டு மணியைப் பிடிக்க வேண்டும் என்று தம்பி கையால் இறுகிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று திருகியிருக்கிறார், அப்படியும் ஆறு டிகிரி மிச்சம். வாஷரைச் சுற்றிலும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 0.09 மி.மீ. வித்தியாசம்.

ஆனாலும் வாஷர் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. குழலின் மரையே கோணலாக வெட்டியிருக்கலாம். குழலின் வெளிப்பரப்பை வைத்து மையம் பிடித்து மரை வெட்டினால் இந்தக் கோளாறு வரும், ஏனென்றால் வெளிப்பரப்பும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் ரைஃபிளைப் பிரித்து, குழலை லேத்தின் ஹெட்ஸ்டாக் வழியாக விட்டு, நான்கு தாடைச் சக்கில் பிடித்து, உள்துளைக்கு டயல் வைத்து மையம் கொண்டுவந்தேன். பிறகு தோள் முகத்தில் டயல். ஊசி 0.01 மி.மீ.-க்குள்தான் ஆடியது. மரையின் மேல்முகடும் அப்படியே. குழல் குற்றமற்றது.

கிரஷ் வாஷர் கெட்ட சாமான் என்று சொல்ல மாட்டேன். எம்16 வகை ஃபிளாஷ் ஹைடர் குட்டையானது, அதன் வாயும் அகலம். கொஞ்சம் கோணலாக நின்றாலும் குண்டுக்கு எட்டாது. நீளமான, துளை இறுக்கமான பிரேக்குக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். சைலன்சர் மாட்டும் அடாப்டருக்கு அதைப் போடவே கூடாது. சைலன்சர் இன்னும் நீளம், இதே கோணல் அங்கே இரண்டு மூன்று மடங்காகும்.

சரிசெய்ய இரண்டு வழி. சமதளமாகத் தேய்த்த ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துக் கோணம் பிடிப்பது ஒன்று. 5/8-24 மரையில் (விட்டம் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை) ஒரு சுற்றுக்குப் பிரேக் 1.058 மி.மீ. நகரும். அதாவது 0.1 மி.மீ. ஷிம் வைத்தால் பிரேக் 34 டிகிரி முன்னதாகவே நின்றுவிடும். கையில் லேத் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. ஷிம்களை நிறைய அடுக்காமல் தடித்ததாக ஒன்று, தேவைப்பட்டால் மெல்லியதாக இன்னொன்று என்று வையுங்கள். நடுவில் ஒரு பிசிறு சிக்கினால் பழைய கதைதான்.

என்னிடம் லேத் இருப்பதால் இரண்டாவது வழி: வாஷரே இல்லாமல், பிரேக்கின் பின்முகத்தைக் கடைந்து கோணம் பிடிப்பது. வாஷர் இல்லாமல் கையால் திருகியபோது பன்னிரண்டு மணிக்கு 100 டிகிரி முன்னால் நின்றது. டார்க் ரெஞ்சில் இறுக்கும்போது இன்னும் பதினைந்து டிகிரி போகும் என்று விட்டுவைத்தால், கடைந்து எடுக்க வேண்டியது 85 டிகிரிக்கு உரியது: 0.25 மி.மீ. பிரேக்கை நேரடியாகச் சக்கில் கவ்விக் கடையக் கூடாது. ஒரு எஃகுத் துண்டைச் சக்கில் பிடித்து, அதிலேயே 5/8-24 மரை வெட்டி, அதைச் சக்கிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே பிரேக்கைத் திருகிக் கடைய வேண்டும். அப்போதுதான் பின்முகம் பிரேக்கின் சொந்த மரைக்குச் செங்குத்தாக வரும். முதல் 0.2 மி.மீ. வேகமாகப் போனது. மிச்சத்தைப் பொடிப் பொடியாக எடுத்து, குழலில் மாட்டிப் பார்த்து, மறுபடி எடுத்தேன். அதிகமாக எடுத்துவிட்டால் ஷிம்தான் கதி.

மரையில் கரியும் எண்ணெயும் போகத் துடைத்துவிட்டு, 25 அடி-பவுண்டுக்கு இறுக்கினேன். ரசமட்டம் ஒன்றை ஸ்கோப் ரெயிலிலும் இன்னொன்றைப் பிரேக்கின் தட்டையான மேல்பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் மூன்று டிகிரி இடப்பக்கம். "அண்ணே, இன்னும் கொஞ்சம் இறுக்கிடலாமே?" என்றார் தம்பி. முடியாது என்றேன். பதிலாக அதே ரசமட்டத்தை ஸ்கோப்பின் டரட் (ஏற்றம் திருப்பும் குமிழ்) மூடிமேல் வைத்துக் காட்டினேன். அங்கே ஸ்கோப்பே ரெயிலுக்கு மூன்று டிகிரி சாய்ந்து நின்றது, அதை யாரும் கவனித்திருக்கவில்லை. ஆயிரம் கஜத்துக்கு ஏற்றம் திருப்பும்போது குண்டின் வீழ்ச்சி 300 அங்குலத்துக்குமேல் போகும். மூன்று டிகிரி சாய்ந்த ஸ்கோப் அதில் சுமார் 16 அங்குலத்தைப் பக்கவாட்டுக்கு அனுப்பிவிடும். டிகிரி டிகிரியாகக் கவலைப்பட வேண்டிய இடம் ஸ்கோப். அதை அன்றே தளர்த்தி நேராக்கினோம்.

அலைன்மென்ட் ராடை மறுபடி விட்டுப் பார்த்தபோது இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி. பிசின் எதுவும் போடாமல் முதலில் ரேஞ்சில் சுட்டோம். பிரேக்கின் எடை குழல்முனையில் ஏறியதால் பூஜ்ஜியம் (ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும் நிலை, அதாவது ஜீரோ) பிரேக் இல்லாத நாட்களில் இருந்த இடத்தில் இல்லை. அது எதிர்பார்த்ததுதான், கழற்றி மாட்டும் எல்லா பிரேக்கிலும் நடக்கும், மறுபடி ஜீரோ செய்தால் போதும். குரூப் பழையபடி ஒரு அங்குலத்துக்கு வந்தது. ஓட்டைகள் வட்டமாக இருந்தன.

பிறகுதான் கழற்றி, மரையில் ராக்செட் என்ற சூடு தாங்கும் மரைப்பிசின் இரண்டு சொட்டு விட்டு, அதே டார்க்கில் இறுக்கினேன். சாதாரண நீலநிற மரைப்பிசின் 150 டிகிரி செல்சியஸ் பக்கம் பிடியை இழக்கத் தொடங்கும், தொடர்ந்து சுட்டால் குழல்முனை அதைத் தாண்டிவிடும். ராக்செட் சூட்டுக்கு அசையாது, கழற்ற வேண்டுமென்றால் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். குழலுக்கும் பிரேக்குக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட் பேனாவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு உடையாமல் இருக்கிறதா, கடைசித் தடுப்பில் செம்புநிறம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தடுப்புகளில் கரி தடிமனாகப் படிந்தாலும் அந்த 0.28 மி.மீ. குறையும், அதனால் அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் 6.5 துப்பாக்கியில் .30 பிரேக்கையே மாட்டிக்கொள்வது உண்டு. உதை கொஞ்சம் கூடும், இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ.-க்கு மேல் கிடைக்கும்.